சாளர நிரலுக்கு எந்தத் தளம்? எந்தக் கருவி?

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிப்பொறி அறிவியல்)

எங்கள் ஊர் கொடைரோடு. "பிளாட்பாரம்" என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரயிலடிதான் நினைவுக்கு வரும். கொடைக்கானல் செல்வோர் விடியற்காலையில் இறங்கி, பஸ் எந்தப் பக்கம் என்று தெரியாமல் பெட்டியும் கையுமாக விழித்துக்கொண்டு நிற்கும் இடம் அது. முதலாண்டில் எங்கள் விரிவுரையாளர் "ஒரு நிரலை எழுதுமுன் அது எந்தப் பிளாட்பாரத்தில் ஓடும் என்று கேளுங்கள்" என்று கூறியபோது நான் சிரித்துவிட்டேன். வகுப்பும் சிரித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, என் தாய்மாமன் கடையில் அதே கேள்விக்கு விடை தெரியாமல் நானும் பெட்டியும் கையுமாக நின்றேன். அந்த அனுபவத்தையே இங்கு எழுதுகிறேன். கணிப்பொறி பயிலாத நண்பர்களுக்கும் விளங்கும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மாமாவுக்கு ஒரு கமிஷன் கடை உண்டு. சுற்றுவட்டாரத்து விவசாயிகள் மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி ஆகியவற்றைக் காலையில் கொண்டு வருவர். எடை போட்டு, அன்றைய விலைக்கு விற்று, கமிஷனையும் முன்பணத்தில் ஒரு பகுதியையும் கழித்துக்கொண்டு மீதியை அவர்களுக்குத் தரவேண்டும். மல்லிகையின் விலை முகூர்த்த நாளுக்கு ஒன்று, மறுநாளுக்கு ஒன்று. விதைக்கும் மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் விவசாயி வாங்கிய முன்பணம் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு, நிற்பது எவ்வளவு என்ற கணக்குத்தான் இக்கடையின் உயிர்நாடி. அதில் நூறு ரூபாய் பிசகினாலும் நம்பிக்கை போய்விடும்.

இந்தக் கணக்கைப் பல ஆண்டுகளுக்கு முன்பே மாமா ஒருவரிடம் பணம் கொடுத்துக் கணிப்பொறியில் ஏற்றியிருந்தார். நிரலைச் செய்து கொடுத்தவரின் பெயர் இங்குத் தேவையில்லை. அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். நிரலின் மூலத்தை அவர் கொடுக்கவில்லை, மாமாவுக்கும் கேட்கத் தெரியவில்லை. சென்ற ஆண்டு பழைய கணிப்பொறி உயிரை விட்டது. வன்தட்டை மட்டும் காப்பாற்றி வேறு பொறியில் பொருத்திப் பார்த்தால், முந்நூற்றுச் சொச்சம் விவசாயிகளின் பெயர்களும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. முன்பணத் தொகைகள் ஒழுங்காக இருந்தன. எந்தத் தொகை யாருடையது என்பதுதான் தெரியவில்லை.

"மாப்ளே, மூணு வருசமா கம்ப்யூட்டர் படிக்கிறியே, இதை என்னன்னு பாருடா" என்றார் மாமா.

குப்பையின் காரணத்தைப் பிறகு கூறுகிறேன். புதிய நிரல் ஒன்று எழுதியாக வேண்டும் என்பது முதல் நாளே தெளிவாகிவிட்டது. கடையிலுள்ள கணக்குப்பிள்ளைக்கு அறுபது வயது. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டெழுதும் நிரல் அவருக்கு ஒத்து வராது. பெயரைத் தேர்ந்தெடுத்து, எடையை இட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் சீட்டு வரவேண்டும். அதாவது, சாளரமும் பொத்தானும் பட்டியலும் உடைய நிரல் வேண்டும்.

இத்தகைய நிரல்களின் வரலாறு யாவரும் ஓரளவு அறிந்ததே. 1968-இல் டக்ளஸ் எங்கெல்பர்ட் சான்பிரான்சிஸ்கோவில் மௌஸைக் கையில் பிடித்துச் செய்து காட்டிய செயல்விளக்கமும், 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஆல்ட்டோ பொறியும், 1984-இல் வந்த மெக்கின்டாஷும், 1985-இல் வந்த முதல் விண்டோஸும் இதன் படிக்கட்டுகள். இவற்றைவிட, இந்நிரல்கள் உள்ளே எவ்வாறு வேலை செய்கின்றன என்பதே நமக்கு முக்கியம்.

நாம் வகுப்பில் முதலில் எழுதிய நிரல்கள் மேலிருந்து கீழே ஓடி முடிந்துவிடும். சாளர நிரல் அப்படியன்று. அது எடை போடுபவர் தராசின் முன் உட்கார்ந்திருப்பதைப் போல உட்கார்ந்திருக்கும். மௌஸ் அழுத்தப்பட்டது, விசை தட்டப்பட்டது, சாளரம் பெரிதாக்கப்பட்டது என்று ஒவ்வொரு நிகழ்ச்சியையும் இயக்கமுறை ஒரு வரிசையில் கொண்டுவந்து நிறுத்தும். நிரல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, "இதற்கு என்ன செய்யவேண்டும்?" என்று நாம் எழுதிவைத்த செயலைக் கூப்பிடும், முடிந்ததும் மறுபடி வரிசையைப் பார்க்கும். வரிசையில் நிற்கும் ஒருவரிடமே எடை போடுபவர் அரைமணி பேசிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவர்கள் கதி என்ன? சாளரம் உறைந்துபோவதற்கு அதுதான் காரணம். இதை நான் புத்தகத்தில் படித்தேன். ஆனால் விளங்கியது, மாதக் கடைசியில் எல்லா விவசாயிகளுக்கும் சேர்த்து அறிக்கை எடுக்கும் பொத்தானைக் கணக்குப்பிள்ளை அழுத்தியபோதுதான். திரை அசையவில்லை. அவர் மீண்டும் அழுத்தினார், மீண்டும் அழுத்தினார். பத்து நிமிடம் கழித்து அறிக்கை மூன்று முறை அச்சானது. நீண்ட வேலையைத் தனி இழையில் ஓடவிட்டு, அது முடியும்வரை அந்தப் பொத்தானை மங்கலாக்கி வைக்கவேண்டும் என்ற பாடத்தை நான் கற்றது அப்படி.

பொத்தானையும் பட்டியலையும் நாமே புள்ளி புள்ளியாக வரைவதில்லை. அவற்றை ஆயத்தமாகத் தருபவை கருவித்தொகுப்புகள் எனப்படும். எந்த இயக்கமுறையில் ஓடவேண்டும் என்பது தளம் பற்றிய கேள்வி. எந்தத் தொகுப்பைக் கொண்டு கட்டுவது என்பது கருவி பற்றிய கேள்வி. இரண்டும் தனித்தனி எனத் தோன்றும். ஒன்றைத் தீர்மானித்தால் மற்றது பாதி தீர்மானமாகிவிடுகிறது என்பதே உண்மை.

முதலில் தளம். புதிய கணிப்பொறி வாங்க மாமா தயாராக இல்லை. பீரோவில் ஒரு மடிக்கணினி கிடந்தது. அது மாமா மகள் பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் நம்மில் பலர் வீட்டிற்கு முதல் கணிப்பொறியைக் கொண்டுவந்து சேர்த்தது. எல்காட் மூலம் வழங்கப்பட்ட அந்தப் பொறிகள் பலவற்றில் இரண்டு இயக்கமுறைகள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றொன்று பாஸ் லினக்ஸ். பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007-இல் வெளியிட்ட நம் நாட்டு இயக்கமுறை. அதற்குச் சற்று முன்பிருந்தே எல்காட் நிறுவனம் தன் சொந்த அலுவலகப் பொறிகளை லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியிருந்தது. நாட்டுக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்ட இந்த முயற்சி மாணவரிடம் ஏன் வேரூன்றவில்லை என்று எண்ணிப் பார்க்கிறேன். என் மாமா மகளைக் கேட்டேன். "ஆன் செஞ்சா ரெண்டு பேரு வரும். நாங்க எல்லாரும் மேல உள்ளதை விட்டுட்டு விண்டோஸைத்தான் தட்டுவோம்" என்றாள். மேலே இருந்தது என்ன என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம்.

நிற்க. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட் இயக்கமுறை. சுவர்ப்படத்தைக்கூட மாற்ற விடாத சிறிய பதிப்பு. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ இந்தப் பழைய பொறி ஏற்காது. அது கேட்கும் பாதுகாப்புச் சில்லு இதில் இல்லை. ஆகவே பாஸின் தாயான டெபியனின் 12-ஆம் பதிப்பையே அதில் நிறுவினேன். இரண்டு ஜி.பி. நினைவகத்தில் மெல்லிய திரைச்சூழலோடு நன்றாகவே ஓடியது. ஆனால் கல்லூரி ஆய்வுக்கூடத்திலோ விண்டோஸ். மாமாவின் பங்காளி வைத்திருப்பதும் விண்டோஸ். "நாளைக்கு இந்த மடிக்கணினியும் போயிட்டா அவன் பொறியில ஓடணும்" என்றார் மாமா. ஒரு முறை சூடுபட்டவர் அல்லவா! எழுதுவது விண்டோஸில், ஓடுவது லினக்ஸில், நாளை எங்கென்று தெரியாது. என் நிபந்தனை இதுவாயிற்று.

இந்த நிபந்தனை பல கருவிகளைத் தானாகவே கழித்துவிட்டது. விஷுவல் பேசிக் 6 முதலில் கழிந்தது. 1998-இல் வந்த அது நம் ஊர்களில் கடைக் கணக்கு நிரல்களின் தாய் என்று சொல்லலாம். பொத்தானை இழுத்து வைத்து, இரண்டு முறை தட்டி, உள்ளே நான்கு வரி எழுதினால் நிரல் ஓடும். அந்த எளிமையை இன்றுவரை வேறு எதுவும் எனக்குத் தரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது விண்டோஸை விட்டு நகராது. அதன் உருவாக்கச் சூழலுக்கான ஆதரவு 2008-இல் முடிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதனுடன் வரும் பொத்தான்களுக்கும் பெட்டிகளுக்கும் யூனிகோடு தெரியாது. சி ஷார்ப்பின் விண்ஃபார்ம்ஸ் யூனிகோடு அறிந்ததே. எனினும் அதுவும் விண்டோஸ் மட்டுமே. ஜாவாவின் ஸ்விங் எங்கும் ஓடும். எனக்குத்தான் ஜாவாவில் கை வரவில்லை. எலெக்ட்ரான் என்பது 2013-இல் கிட்ஹப் நிறுவனத்தில் தோன்றிய முறை. வலைப்பக்கம் எழுதத் தெரிந்தால் போதும் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் ஒவ்வொரு நிரலும் ஒரு முழு உலாவியைத் தன் வயிற்றில் சுமந்துகொண்டு வரும். பூச்சீட்டு போட அவ்வளவு பெரிய பெட்டியை இரண்டு ஜி.பி. பொறியில் ஏற்றுவது, ஒரு கூடைப் பூவுக்கு லாரி பிடிப்பதைப் போன்றது.

எனக்குத் தெரிந்த மொழி பைத்தான். பைத்தானை நிறுவினால் டிகின்டர் என்ற சாளரக் கருவியும் வழக்கமாக உடன் வந்துவிடும். டிகே என்னும் பழைய கருவித்தொகுப்பின் பைத்தான் முகம் அது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கியது டிகே. எளியது, சிறியது, விலையில்லாதது. எல்லாத் தளத்திலும் ஓடும். வேறு என்ன வேண்டும்? மூன்று வாரத்தில் ஆய்வுக்கூடத்து விண்டோஸ் பொறியில் எழுதி முடித்துவிட்டேன். தலைப்பில் கடைப்பெயர், கீழே விவசாயியின் பெயர், ஊர், பூ, எடை, விலை எல்லாம் அழகாகத் தெரிந்தன. பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, கடைக்குப் போய் டெபியனில் ஓட்டினேன்.

ஊர் என்ற இடத்தில் எங்கள் ஊர்ப்பெயரே சிதைந்து நின்றது. 'க' முதலில் நின்றது. கொம்பும் காலும் அதற்கு வலப்பக்கம் போய் நின்றன. அடுத்து 'ட', அதன் பின்னால் இரட்டைக் கொம்பு. 'ரோ'வும் அவ்வாறே. கணக்குப்பிள்ளை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "தம்பி, இது தெலுங்கா?" என்று கேட்டார்.

இதன் காரணம் விளக்கத்தக்கது. தமிழில் நிரல் எழுத எண்ணும் ஒவ்வொருவரும் அறியவேண்டியது. யூனிகோடு முறையில் தமிழுக்கு 1991 முதல் 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் 247 எழுத்துகளும் தனித்தனியே இல்லை. உயிர், அகரமேறிய மெய், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவையே உள்ளன. 'கொடைரோடு' என்பது நமக்கு நான்கு எழுத்து. கணிப்பொறிக்கு எட்டு குறியெண்கள். 'க', அதன்பின் ஒகரக்குறி, 'ட', அதன்பின் ஐகாரக்குறி, இப்படி. ஒலிக்கும் வரிசையில், மெய் முன்னும் குறி பின்னுமாகவே நினைவகத்தில் இருக்கும். ஆனால் எழுதும்போது நாம் கொம்பை இடப்பக்கம் போடுகிறோம். ஒகரத்தை இரண்டாகப் பிளந்து இருபுறமும் வைக்கிறோம். நினைவக வரிசையை எழுத்து வடிவ வரிசையாக மாற்றும் வேலையை யாரேனும் செய்தாக வேண்டும். ஆங்கிலத்துக்கு இந்த வேலை தேவையில்லை. ஆகவே ஆங்கிலம் மட்டும் எழுதுபவர் கண்ணுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

விண்டோஸில் அதைச் செய்வது இயக்கமுறையோடு வரும் யூனிஸ்கிரைப் என்ற பகுதி. தமிழுக்கான லதா எழுத்துருவும் அதுவும் விண்டோஸ் 2000 காலந்தொட்டு உள்ளன. டிகே அங்கு எழுத்தை விண்டோஸிடம் ஒப்படைத்துவிடுவதால் தமிழ் சரியாக வந்தது. லினக்ஸில் நான் பயன்படுத்திய டிகே 8.6 எழுத்தை எவரிடமும் ஒப்படைக்காமல், குறியெண் ஒன்றுக்கு வடிவம் ஒன்று எனத் தானே வரிசையாக வரைந்துவிடுகிறது. லினக்ஸ் உலகில் இந்த வேலைக்கென்றே ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம் இருக்கிறது. பாரசீகத்தில் 'திறந்த எழுத்து' என்ற பொருள் தரும் பெயர் அது. ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் முதலியவற்றில் நாம் படிக்கும் தமிழைக் கோத்துத் தருவது அதுவே. டிகே 8.6 அதை அழைப்பதில்லை. 'எல்லாத் தளத்திலும் ஓடும்' என்ற விளம்பரத்தில், எந்த மொழியோடு ஓடும் என்று நாம் கேட்பதில்லை. மூன்று வாரம் போயிற்று.

மீதமிருந்தவை இரண்டு, ஜிடிகே மற்றும் க்யூட். இரண்டும் எழுத்துக் கோத்தலுக்கு ஹார்ஃப்பஸ்ஸைப் பயன்படுத்துபவை. தமிழைப் பிழையின்றிக் காட்டுபவை. இவற்றுக்கிடையே ஒரு பழைய பங்காளிச் சண்டை உண்டு. அது சுவையானது. நார்வே நாட்டில் இரு பொறியாளர்கள் தொடங்கிய நிறுவனம் 1995-இல் க்யூட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஜெர்மானிய மாணவர் மத்தியாஸ் எட்ரிச் அதைக்கொண்டு கேடிஈ என்ற திரைச்சூழலைத் தொடங்கினார். அப்போது க்யூட்டின் உரிமம் முழுச் சுதந்திர உரிமம் அன்று. "அடித்தளம் ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தால் மாளிகை யாருக்குச் சொந்தம்?" என்று எதிர்ப்புக் கிளம்பியது. மெக்ஸிகோவைச் சேர்ந்த மிகுவேல் தெ இகாஸாவும் நண்பரும் 1997-இல் க்னோம் என்ற போட்டிச் சூழலைத் தொடங்கினர். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டதுதான் ஜிடிகே. அது ஜிம்ப் என்ற படம் வரையும் நிரலுக்காகப் பெர்க்லி மாணவர் இருவர் எழுதிய கருவி. பின்னர் 2000-இல் க்யூட் ஜிபிஎல் உரிமத்திலும், 2009-இல் மேலும் தளர்ந்த எல்ஜிபிஎல் உரிமத்திலும் கிடைத்தது. சண்டைக்குக் காரணம் போய்விட்டது. இரு சூழல்களும் இன்றும் தனித்தனியே வளர்கின்றன.

உரிமம் என்றதும் நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். மாமா கடையில் நடந்தது உரிமச் சிக்கலன்றி வேறென்ன? மூலம் கையில் இருந்திருந்தால் நான் ஒரே வாரத்தில் பழைய நிரலையே திருத்தியிருப்பேன். க்யூட்டுக்குப் பைத்தான் முகங்கள் இரண்டு. பைக்யூட் ஜிபிஎல் உரிமம் உடையது. நிரலைப் பிறருக்குக் கொடுத்தால் மூலத்தையும் கொடுக்கவேண்டும், இல்லையேல் விலை கொடுத்து வேறு உரிமம் வாங்கவேண்டும். பைசைடு எல்ஜிபிஎல் உரிமம் உடையது. நம் மூலத்தை மறைத்துக்கொள்ளவும் இடம் தரும். விற்பனைக்கு நிரல் எழுத எண்ணும் நண்பர்கள் பைசைடைப் பார்க்கலாம். நான் பைக்யூட்டையே எடுத்தேன். நிரலோடு மூலமும் கட்டாயம் போய்ச் சேரவேண்டும் என்பது மாமா போன்றவர்களுக்குக் காவல் அல்லவா?

ஜிடிகேயை விட்டு க்யூட்டை எடுத்ததற்கு உயர்ந்த தத்துவம் எதுவும் இல்லை. விண்டோஸில் ஜிடிகேயை நிறுவ நான் பட்ட பாடு பெரிது. பைக்யூட் ஒரே கட்டளையில் வந்து உட்கார்ந்தது. பதிப்பில் மட்டும் கவனம் தேவை. 2020 டிசம்பரில் வந்த க்யூட் 6 விண்டோஸ் 7-இல் ஓடாது. க்யூட் 5 ஓடும். பைத்தானிலும் 3.8-தான் விண்டோஸ் 7-ஐ ஏற்கும் கடைசி வரிசை. பழைய பொறிகளுக்கு எழுதுவோர் புதியதே நல்லது என்று ஓடக்கூடாது. டெபியன் 12-இல் இரண்டு க்யூட்டும் கிடைக்கின்றன. நான் ஐந்தோடு நின்றுகொண்டேன்.

க்யூட்டில் எழுதியபின் 'கொடைரோடு' இரு தளத்திலும் கொடைரோடாகவே நின்றது. எழுத்துருவில்தான் சிறு தடுமாற்றம். விண்டோஸ் 7-இல் லதா, விண்டோஸ் 8 முதல் நிர்மலா, லினக்ஸில் லோஹித் அல்லது நோட்டோ என்று வீட்டுக்கு வீடு வேறுபடும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தாராளமாகப் பகிர உரிமம் அனுமதிக்கிறது. அதை நிரலுடனேயே சேர்த்துக் கட்டிவிட்டேன். பொத்தான்களை 'மேலிருந்து இத்தனை புள்ளி, இடமிருந்து இத்தனை புள்ளி' என்று ஆணி அடிக்காமல், வரிசை என்றும் கட்டம் என்றும் சொல்லிவிட்டால் க்யூட்டே இடம் பிரித்துக்கொள்ளும். தமிழுக்கு இது மிகவும் தேவை. ஆங்கிலத்தில் சிறு சொல்லாக இருப்பது தமிழில் 'முன்பணத்தில் கழிக்க' என்று நீளும். பழைய நிரலில் இது 'முன்பணத்தி' என்று பாதியில் வெட்டுண்டு நின்றதைக் கடையில் அனைவரும் பழகிப்போய் அப்படியே படித்து வந்தனர்!

கருவியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் தமிழ்ச் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணற்க. பெயர்களை அகர வரிசைப்படுத்தியபோது அடுத்தது முளைத்தது. யூனிகோடு பகுதியில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்தும், 'ற' என்பது 'ர'வுக்கு அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. நம் நெடுங்கணக்கில் அவை இரண்டும் கடைசியில் அல்லவா வரும்? குறியெண் வரிசையை நம்பினால் 'மன்னன்' என்ற பெயர் 'மயில்' என்ற பெயருக்கு முன்னால் வந்துவிடும். மேலும் புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் 'க்' என்பது 'கௌ'வுக்கும் பிறகு வரும். நான் தரவுக்குப் பயன்படுத்திய எஸ்க்யூலைட் இதை அறியாது. ஐசியூ என்ற நிரலகம் தமிழ் வரிசையை அறியும். நான் பதினெட்டு மெய்களின் வரிசையைக் கொடுத்து ஒரு சிறு செயலை நானே எழுதிக்கொண்டேன். தமிழ்த்துறை நண்பர் ஒருவர் அதைச் சோதித்துக் கொடுத்தார். என் தேர்வைவிடக் கடுமையாகச் சோதித்தார்!

தேடலிலும் ஒரு பொறி உண்டு. 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். எகரக்குறி, கால் என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு. பெட்டியில் வந்த ஒவ்வொரு சொல்லையும் சேமிக்குமுன் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பைத்தானில் இதற்கு ஒரு வரி போதும். அந்த வரி இல்லாவிட்டால் 'கொடைரோடு' இருந்தும் "இல்லை" என்று நிரல் சாதிக்கும்.

பழைய நிரலின் ஆங்கிலக் குப்பைக்கு இப்போது வருவோம். விஷுவல் பேசிக்கில் யூனிகோடு இல்லாததால் அக்காலத்தவர் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்களைப் பயன்படுத்தினர். பாமினி அவற்றுள் பெயர் பெற்றது. அதில் 'கொ' என்பது என், எஃப், எச் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். கொம்பு, ககரம், கால் என்று எழுதும் வரிசையிலேயே இருக்கும். எழுத்துரு இருக்கும் பொறியில் தமிழ். இல்லாத பொறியில் குப்பை. இத்தகைய எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒரு வழி போனதால்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் குறியீட்டுக்கும் விசைப்பலகைக்கும் பொதுத்தரம் பேசப்பட்டது. தமிழ்99 விசைப்பலகை அதன் விளைவே. 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சல் இந்தக் காலமாற்றங்கள் அனைத்தையும் தாண்டி வந்த நிரல். டாஸில் தொடங்கி விண்டோஸ், மெக்கின்டாஷ், கைப்பேசி என்று தளந்தோறும் அது இடம் பெயர்ந்த வரலாற்றைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

மாமா கடைத் தரவு அக்சஸ் கோப்பாக இருந்தது. லினக்ஸில் எம்டிபி டூல்ஸ் என்ற கருவியால் அதைத் திறந்து பட்டியலாக எடுத்தேன். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் எழுத்து என்று மாற்று அட்டவணை அமைத்து, கொம்புகளை மட்டும் மெய்க்குப் பின்னால் தள்ளி வைத்தேன். முதல் பெயர் தமிழாக மாறித் திரையில் எழுந்தபோது கணக்குப்பிள்ளை, "அட, நம்ம ஆவாரம்பட்டிக்காரரு!" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். என் மூன்றாண்டுப் படிப்பில் அதற்கு ஈடான மதிப்பெண் எனக்குக் கிடைத்ததில்லை.

கடைசித் தடை அச்சு. கடைச் சீட்டு அச்சிடும் சிறிய வெப்ப அச்சுப்பொறிக்கு எழுத்தாக அனுப்பினால் ஆங்கிலம் மட்டுமே தெரியும். அதனுள் தமிழ் வடிவங்கள் கிடையா. ஆகவே சீட்டையே ஒரு படமாக வரைந்து அனுப்பவேண்டும். 80 மில்லிமீட்டர் தாளில் குறுக்கே 576 புள்ளிகள். அந்த அகலத்துக்கு க்யூட்டைக் கொண்டே தமிழில் வரைந்து, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி அனுப்பினேன். எழுத்தைவிடப் படம் சற்று மெதுவாகத்தான் வரும். விவசாயிகள் காத்திருக்கத் தயார். தம் பெயர் தமிழில் இருப்பதால் கையிலேயே வைத்துப் படித்துப் பார்த்து, தவறிருந்தால் அங்கேயே கேட்கிறார்கள்.

தொகைகளைப் பைசாவாகவும் எடைகளைக் கிராமாகவும் முழு எண்களில் வைத்திருக்கிறேன். தசமப் புள்ளியில் வைத்தால் கணிப்பொறி கடைசி இலக்கத்தில் கை வைத்துவிடும். தட்டெழுதுவதற்கு டெபியனில் ஐபஸ் வழியே தமிழ்99. விண்டோஸ் 10-இல் அது உடனேயே வருகிறது. கணக்குப்பிள்ளை ஒரு வாரத்தில் பழகிவிட்டார். நான்தான் இன்னும் ஆங்கில ஒலிபெயர்ப்பில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நிரல் இப்போது கடையில் ஓடுகிறது. பழைய தரவில் பதினோரு பெயர்கள் இன்னும் மாறவில்லை. தட்டெழுதியவர் அன்றே பிழையாக அடித்திருக்கிறார் போலும். அவர்கள் கடைக்கு வரும்போது கேட்டுத் திருத்திக்கொண்டு வருகிறோம். மூலம் முழுவதும் எங்கள் துறை ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் பொறியில் இருக்கிறது. வேண்டுவோர் பென்டிரைவுடன் மதிய இடைவேளையில் வரலாம். காய்கறி மண்டிக்கும் திராட்சைத் தோட்டக் கணக்குக்கும் மாற்றிக்கொள்ள இடம் விட்டே எழுதியிருக்கிறேன்.